மல்லாட்டை எண்ணெய் குடித்த வண்டி

போன வாரம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பஜ்ஜி போடுகிறவன் எண்ணெயைக் காந்த விட்டுவிட்டான். அசல் மல்லாட்டை எண்ணெய், மற்ற ஊர்களில் கடலை எண்ணெய் என்பார்களே, அது. இப்போது கடைகளில் ஊற்றுகிற மற்ற எண்ணெய்களுக்கெல்லாம் என் மூக்கு அசைவதில்லை. இது வந்து மோதியதும் கால் தானாக நின்றுவிட்டது.

"இன்னாம்மா நின்னுட்ட? பஸ்ஸு போயிடப் போவுது, ஜல்தி வா" என்றாள் நம் மகள் விஜயா.

"டிராக்டர் வாசனைடி" என்றேன்.

அவள் ரோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். ஆட்டோவும் பஸ்ஸும்தான் தெரிந்தன. அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். அவளுக்கு உட்கார வைத்து விளக்க எனக்குப் பொறுமை இல்லை. சொன்ன மாத்திரத்தில் புரிந்துகொள்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. அதற்காக நான் சும்மா இருந்துவிடுவேனா? எழுதுகிறேன். படிக்க ஆள் இல்லை என்பது உங்கள் பிரச்சினை.

திண்டிவனத்தில் டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் நீங்கள். கல்யாணமாகி வந்த புதிதில் என் தோழிகளிடம் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டேன். எந்தப் படத்துக்கும் எனக்கு டிக்கெட் கிடையாது பாருங்கள். சாயங்காலம் பொழுது சாய்ந்த பிறகுதான் உங்களுக்கு உத்தியோகம். படம் ஓட்டுவதோடு, கொட்டகைக்குக் கரண்டு கொடுக்கிற ஆயில் இன்ஜினைப் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலை. பகல் முழுக்க ஓய்வு. மற்ற ஊர் ஆபரேட்டர்கள் பகலில் தூங்கினார்கள், சீட்டாடினார்கள். நீங்கள் செத்துப்போன டிராக்டர்களை வாங்கினீர்கள்.

அப்போதெல்லாம் டிராக்டர் என்பது கப்பலில் வருகிற சாமான். வசதியுள்ளவர்கள் ஆசைப்பட்டு வாங்குவார்கள். கொஞ்ச காலம் ஓடும். ஏதாவது ஒரு உறுப்பு உடைந்தால் மாற்றுவதற்குக் கிடைக்காது, மரத்தடியில் விட்டுவிட்டு மறுபடியும் மாடு பூட்டப் போய்விடுவார்கள். நீங்கள் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுவீர்கள். மரத்தடியில் துருப்பிடித்த இரும்பு கண்ணில் பட்டால் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விடுவீர்கள். "பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுக்கு வெல கேக்கறாருடா இந்த மனுசன்" என்று வீட்டுக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம்.

லாபம் என்று என் கைக்கு வந்து சேர்ந்ததை நான் பார்த்ததில்லை. ஒரு வண்டி விற்றால் அந்தக் காசு அடுத்த வண்டியாக வந்து நிற்கும். சிலர் புறா வளர்க்கிறார்கள், சிலர் சண்டைச் சேவல் வைத்திருக்கிறார்கள், இவருக்கு இது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் எனக்கே அது ஒட்டிக்கொண்டது வேறு கதை. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

உங்கள் பட்டறை எது தெரியுமா? தெரியாமல் என்ன, இருந்தாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. பகலில் காலியாகக் கிடக்கிற கொட்டகைதான். வண்டியைப் பின்பக்கம் இன்ஜின் ரூமை ஒட்டி நிறுத்திவிட்டு, கழற்றின சாமான்களை உள்ளே நிழலில் பரப்பி வைப்பீர்கள். அதிலும் ஒரு முறை வைத்திருந்தீர்கள். சக்கரம், அச்சு மாதிரி கனமானதெல்லாம் தரை டிக்கெட்டு மணலில். கியர் சாமான்கள் பெஞ்சு டிக்கெட்டில். பொறி கொடுக்கிற மேக்னெட்டோ போன்ற நோஞ்சான் சாமான்களுக்குச் சேர் டிக்கெட்டு. "அது மட்டும் ஒசத்தியா?" என்று கேட்டேன். "அதுக்குத் தூசி ஆவாது கனகு, பெரிய எடத்துப் பொண்ணு" என்றீர்கள். சாயங்காலம் ஜனங்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் வாரிக் கட்டிவிட வேண்டும். ஒருநாள் இன்டர்வெல்லில் தரை டிக்கெட்டுக்காரர் ஒருவர் இடுப்பைத் தடவிக்கொண்டே உங்கள் ரூமுக்கு ஏறி வந்து, ஒரு பெரிய நட்டை நீட்டி, "அண்ணே, இது உன்னுதா பாரு. பாதி படம் இதும்மேலதான் குந்திக்கினு இருந்தேன்" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தீர்கள்.

எல்லா நாளும் சிரிப்பாக இல்லை. விழுப்புரம் சந்தைத் திடலில் அந்த நீல வண்டி உங்கள் மானத்தை வாங்கியதே, அதை மறந்திருக்க மாட்டீர்கள். வாங்க வந்தவர்கள் வட்டம் கட்டி நின்றார்கள். முன்னால் கிராங்க் கம்பியைச் செருகிச் சுற்றினீர்கள். வண்டி ஒரே ஒரு தடவை இருமிவிட்டு அடங்கிப்போனது. மறுபடி சுற்றினீர்கள், சட்டை நனைந்துவிட்டது, அது இருமக்கூட இல்லை. கூட்டத்திலிருந்து எவனோ, "இன்டர்வெல் வுட்டுட்டாங்கடோய்!" என்று கத்தினான். திடலே சிரித்தது. அன்றைக்கு மாடு வாங்க வந்து அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தவர் என் நைனா. அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் ஓடாத எதற்கும் 'டாக்கீஸ் வண்டி' என்று பெயர் வந்துவிட்டது.

நைனாவை உங்களுக்குத் தெரியும். வல்லத்துப் பக்கம் சொந்த நிலத்தில் தானே ஏர் பிடிக்கிற மனிதர். மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையில் ஒரு குண்டுமணி குறைக்க மாட்டார், அந்த மரியாதையாலேயே அடிப்பார். அடுத்த வாரமே திண்டிவனம் வந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"ராவுல படம் ஓட்டறீங்க, கௌரவமான தொழிலு. பகல்ல எதுக்கு மாப்ள இந்தப் பேஜாரு? சந்தையில என்னப் பாத்து சிரிக்கிறானுங்க."

"அடுத்த வண்டி ஓடும் மாமா."

"எங்க ஓடும்?"

"எங்க வேணா ஓடும்."

"அப்ப என் நெலத்துல ஓட்டிக் காட்டுங்க. மல்லாட்ட வெதைக்க முந்தி, ஊரு பாக்க, பெரிய கொல்லைய முழுசா உழுவணும். நடுவுல நின்னுச்சுன்னா இந்த ஸ்பேனரு, சுத்தி எல்லாத்தையும் மூட்ட கட்டி என் கெணத்துல போட்டுடணும். அப்பறம் இந்தப் பக்கம் கைய வைக்கக் கூடாது. சரியா?"

"போட்டுடறேன் மாமா" என்றீர்கள், யோசிக்காமல்.

உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டிருந்த என் காதில் எல்லாம் விழுந்தது. நைனா சொன்னால் சொன்னதுதான். நீங்களும் அப்படித்தான். ஸ்பேனரைக் கிணற்றில் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற உங்களோடு நான் எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்றுதான் முதலில் தோன்றியது. கைக்கு வேலை இல்லாத அன்றைக்கு உங்கள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், ஜுரம் வந்தவர் மாதிரி இருப்பீர்கள்.

சரி, நல்ல வண்டியாகப் பார்த்து வாங்குவீர்கள் என்று நினைத்தால், ஓமந்தூர் பக்கத்திலிருந்து அந்தச் சிவப்பு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தீர்கள். மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். வழியெல்லாம் ஜனங்கள் கைகொட்டினார்களாம். அதற்குச் சொந்தக்காரர் எண்ணெய் மில் வைத்திருந்தவர், நிலமும் உண்டு. புளியமரத்தடியில் விட்டிருந்தார், சீட்டுக்குக் கீழே கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. பட்டணத்திலிருந்து வந்த மெக்கானிக், இன்ஜின் இறுகிவிட்டது, புதுச் சாமான் சீமையிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிப் போய்விட்டாராம். கியரில் போட்டுத் தள்ளினாலும் கிராங்கைச் சுற்றினாலும் இன்ஜின் இம்மி அசையவில்லை.

"போயும் போயும் இதையா?" என்றேன்.

"இதுதான் வேணும். செத்தத எழுப்பினாத்தான் உன் நைனா ஒத்துக்குவாரு. ஓடறத ஓட்டிக் காட்றது இன்னா பெரும?"

இந்தத் திமிர்தான் உங்களிடம் எனக்குப் பிடித்தது. இப்போது சொன்னால் என்ன, அப்போது சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் உங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். வண்டிக்கு அடியில் படுத்திருந்தீர்கள். கால் மட்டும் தெரிந்தது. எண்ணெய் இறக்குகிற திருகைக் கழற்றியும் எண்ணெய் இறங்கவில்லை. குச்சியால் குத்தினால் தேன் நிறத்தில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. "இன்னாடி இது, அரக்கு ஊத்தி வச்சிருக்கான்" என்று குழம்பினீர்கள். நான் குச்சியை வாங்கி மோந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீபாவளிக்கு முறுக்கு சுட்டுவிட்டுக் கழுவாமல் பரணில் போட்ட சட்டி இருக்கிறதே, அதே நாற்றம்.

"இது மல்லாட்ட எண்ணெங்க" என்றேன்.

நீங்கள் நம்பவில்லை. இன்ஜினில் யாராவது சமையல் எண்ணெயை ஊற்றுவார்களா? அந்த வாரமே மில்லுக்காரர் தானாக வந்தார். விற்ற பிறகும் அவருக்கு வண்டியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வருகிற தகப்பன் மாதிரி, கையில் ஒரு தூக்கு நிறைய எண்ணெய் வேறு. நைசாகக் கேட்டீர்கள். அவர் ஒளிக்கவே இல்லை, பெருமையாகச் சொன்னார்.

"தீபாவளிக்கு வூட்ல அத்தினி பேரும் எண்ணெ தேச்சிக் குளிச்சோங்க. மாட்டுக்குக்கூட கொம்புல தடவனோம். இது மட்டும் அந்தக் கறுப்பு எண்ணெயக் குடிச்சிக்கினு கெடக்குதேன்னு மனசு கேக்கல. அத எறக்கிட்டு, நம்ம மில்லுல ஆட்னது, மொத ஆட்டு, கமகமன்னு இருந்துச்சு, அது கொள்ற மட்டும் ஊத்தனேன். கொஞ்ச நாளு என்னமா ஓடுச்சு தெரியுமா!"

கொஞ்ச நாள் ஓடியிருக்கும். அப்புறம் நின்ற இடத்தில் அந்த எண்ணெய் காய்ந்து உள்ளே எல்லாவற்றையும் ஒட்டிப்போட்டுவிட்டது. அவர் போகும்வரை நீங்கள் சிரிக்கவில்லை. போன பிறகும் சிரிக்கவில்லை. "நல்லது பண்றதா நெனச்சிப் பண்ணாரு. அது மேல அம்புட்டு ஆச" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "நீ மோந்து பாத்த பாரு, அங்கதான் இன்ஜினு பொழச்சிச்சு" என்றீர்கள். அந்தப் பாராட்டை அன்று சாயங்காலமே அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன்.

எதுவும் உடையவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று தெரிந்ததும் உங்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்தப் பிசின் மண்ணெண்ணெய்க்கு மசியவில்லை. "சட்டியில பிசுக்கு ஏறுனா நாங்க சலவ சோடா போட்டுக் கொதிக்க வெப்போம்" என்றேன். அவ்வளவையும் போட்டுக் கொதிக்க வைக்கப் பாத்திரம்? எங்கள் வீட்டு நெல் அவிக்கிற அண்டாவை நான்தான் அம்மாவிடம் இரவல் கேட்டு வரவழைத்தேன், எதற்கு என்று சொல்லாமல். கொட்டகைக்குப் பின்னால் கல் கூட்டி, சோடாத் தண்ணீரில் இரும்புச் சாமான்களை வேகவைத்தோம். பிஸ்டனை மட்டும் நீங்கள் போடவிடவில்லை. அது அலுமினியம், சோடா அதைத் தின்றுவிடும் என்று தனியே மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தீர்கள். அண்டாவைத் திருப்பி அனுப்பிய அன்று அம்மா அதை மோந்து பார்த்துவிட்டு, "இதுல இனி நெல்லு அவிச்சா எவ துன்றது?" என்று வண்டிக்காரனிடமே சண்டை போட்டாளாம். பிறகு புது அண்டா வாங்கிக் கொடுத்தோம், ஞாபகம் இருக்கிறதா? அதுதான் நாம் டிராக்டர் காசில் வாங்கிய ஒரே பாத்திரம். அதுவும் நம் வீட்டுக்கு இல்லை.

ஒவ்வொன்றாக மறுபடி பூட்டினீர்கள். மில்லுக்காரர் கொண்டுவந்த எண்ணெய்த் தூக்கை நான் வீட்டுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன், வண்டி பக்கமே போகாதபடி.

வண்டியில் மேலே உட்கார ஒரு ஆள் வேண்டும். நீங்கள் கீழே குனிந்து காது கொடுத்துக் கேட்கும்போது மேலே ஒருவர் 'கூட்டு, குறை' என்றால் செய்ய வேண்டும். அப்படித்தான் நான் ஏறினேன். புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்த முதல் நாள், கீழே பார்க்கவே பயமாக இருந்தது. அப்புறம் கிளச்சு பழகியது, கியர் பழகியது, கொட்டகைக்குப் பின்னால் காலி மைதானத்தில் சுற்றி வரப் பழகியது. பெட்ரோலில் கிளப்ப வேண்டும், நன்றாகச் சூடேறின பிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் வெள்ளைப் புகை கக்கிவிட்டு நின்றுவிடும். அந்தப் புகை வருவதற்கு முன்பே ஒரு வாசனை வரும், பச்சை மண்ணெண்ணெய் வாசனை. அதை நான் உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவேன்.

கிராங்க் சுற்றுவதையும் காட்டிக் கொடுத்தீர்கள். அதில் மட்டும் விளையாட்டே கிடையாது. "கட்டவெரல சுத்திப் பிடிக்காத கனகு. நாலு வெரலோட அதையும் இந்தப் பக்கமே வை. மேல இழு, கீழ அமுக்காத. சில நேரம் இன்ஜினு கோவத்துல திருப்பி அடிக்கும். கட்டவெரலு மாட்டிக்கினு இருந்தா கை போயிடும். சும்மா கொக்கி மாதிரி பிடிச்சா, அது அடிக்கும்போது கம்பி கையவிட்டு நழுவிடும்." ஒவ்வொரு தடவையும் என் கையைப் பார்ப்பீர்கள். "கட்டவெரலு!" என்று ஒரு அதட்டல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

ஆனிக் கடைசியில் ஒரு நல்ல மழை பெய்தது. நைனா ஆள் அனுப்பிவிட்டார். முந்தின நாளே நீங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வல்லம் போய்விட்டீர்கள், நான் பஸ்ஸில் போனேன். வழியில் எங்கும் நிற்கவில்லையாம், ஒரு பொட்டு புகைகூட இல்லையாம். காலையில் கொல்லை வரப்பெல்லாம் ஜனம். சந்தையில் சிரித்தவர்களில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். ஓமந்தூரிலிருந்து மில்லுக்காரரும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்து நின்றார். நைனா குடையோடு வந்தார். கிணற்றுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு உங்களைப் பார்த்தார்.

நீங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே குனிந்து கிராங்கைப் பிடித்தீர்கள், அவரைப் பார்த்தபடியே இழுத்தீர்கள். உங்கள் கட்டைவிரல் கம்பியைச் சுற்றியிருந்ததை நான் பார்த்தேன். கத்துவதற்குள் அடித்துவிட்டது.

எலும்பு முறிகிற சத்தம் வரப்பில் இருந்தவர்களுக்கே கேட்டது. நீங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டீர்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நைனா குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து உங்கள் கையைக் கழுத்தோடு கட்டினார்.

"போதும் மாப்ள. பந்தயமும் வேணாம் ஒரு எழவும் வேணாம். வாங்க, கட்டு போட்டுக்கினு வரலாம்."

"ஒழுது முடிக்கட்டும் மாமா."

"யாரு ஒழுவறது?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் வலியில் வெளுத்திருந்தது. "ஏ கனகு, ஏறு" என்றீர்கள். மைதானத்தில் தினமும் சொல்வது மாதிரியே, சாதாரணமாக.

கல்யாணமான பெண், அப்பாவும் ஊரும் பார்க்க, கொசுவத்தை இழுத்துச் செருகினேன். வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பொய். கோபமாக இருந்தது. இத்தனை நாள் உங்களோடு சேர்ந்து சோடாவில் வேகவைத்த இரும்பு அது, கையில் ஒரு அடி விழுந்ததற்காக ஸ்பேனரைக் கிணற்றில் போட விடுவேனா? கிராங்க் பக்கம் போனேன். நாலு விரலோடு கட்டைவிரலையும் இந்தப் பக்கமே வைத்தேன். மேல்நோக்கி இழுத்தேன். முதல் இழுப்பில் அடங்கிக் கிடந்தது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

பின்னால் வட்டத் தட்டுகள் வைத்த சட்டிக் கலப்பையை இறக்கி நேராக விட்டேன். மண் கறுப்பாகப் புரண்டு விழுந்தது. ஒரு சால், திரும்பி இன்னொரு சால். வரப்பில் யாரோ விசிலடித்தார்கள். நல்ல தைரியம் வந்துவிட்டது எனக்கு, அதுதான் தப்பு, வண்டி சரியாகச் சூடேறும்வரை பொறுக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். கொல்லையின் நடுவில் வந்தபோது அந்த வாசனை வந்தது, பச்சை மண்ணெண்ணெய். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி இருமியது. பின்னால் வெள்ளைப் புகை. வரப்பில் இருந்தவர்கள் எழுந்து நிற்பது தெரிந்தது, நைனாவும் எழுந்தார்.

நீங்கள் கத்துவீர்கள் என்று காத்திருந்தேன். கூட்டு, குறை, குழாயைத் திருப்பு என்று ஏதாவது. இட்லிக்கு உப்பு போடுவதில்கூட அபிப்பிராயம் சொல்கிற மனிதர் நீங்கள். வாயே திறக்கவில்லை. கழுத்தில் தொங்கிய கையோடு வரப்பில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். குழாயைப் பெட்ரோலுக்குத் திருப்பினேன். கிளச்சை மிதித்து, இன்ஜினை மட்டும் ஓடவிட்டேன். அது தேம்பித் தேம்பிச் சமாளித்தது. சத்தம் சீராகும்வரை காத்திருந்தேன். பிறகு கிளச்சை விட்டு, அந்தச் சாலை முடித்துத் திரும்பினேன். நன்றாகச் சூடேறின பிறகு மறுபடி மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். கொல்லை முடிகிறவரை அது இருமவே இல்லை.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். நைனா என்னிடம் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உழுத மண்ணுக்குள் இறங்கினார். சாலில் பாதத்தை வைத்து அழுத்திப் பார்த்தார், கணுக்கால் வரை புதைந்தது. இன்னும் கொஞ்ச தூரம் நடந்து இன்னொரு இடத்தில் பார்த்தார். பிறகு வரப்பில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "ஆழம் கீது. என் பொண்ணு ஒழுதா."

அப்புறம் கலப்பைப் பக்கம் கிடந்த பெரிய ஸ்பேனரைக் குனிந்து எடுத்தார். கிணற்றுக்குத்தான் கொண்டுபோகிறாரோ என்று நினைத்தேன். வேட்டித் தலைப்பால் அதன் மண்ணைத் துடைத்து, கொண்டுவந்து உங்கள் இடது கையில் கொடுத்தார். "கட்டு போடப் போலாமா மாப்ள?" என்றார். நீங்கள் அழுதீர்கள். கை வலி என்று பிறகு சொல்லிக்கொண்டீர்கள்.

வண்டியை அங்கேயே வாங்கிவிட்டார்கள். யார் என்று உங்களுக்குத் தெரியும். மில்லுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் வண்டிய எனக்கே குடுத்துடுங்க" என்று நின்றார். ஊர் முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தீர்கள்: தீபாவளிக்கு வெளியே மஞ்சள் குங்குமம் வைக்கலாம், உள்ளே ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் போகக் கூடாது.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் கேட்டேன், ஏன் வாயைத் திறக்கவில்லை என்று. "நான் சொல்றதுக்கு முந்தி நீ மோந்து கண்டுபுடிச்சிடுவேன்னு தெரியும்" என்றீர்கள். என்னைப் பற்றி அதற்கு மேல் உயர்வாக இந்த உலகத்தில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அதிலிருந்து உங்களுக்கு ஒரு புது யுக்தி கிடைத்துவிட்டது. எந்த வண்டியை விற்கப் போனாலும் நான் ஓட்டிக் காட்ட வேண்டும். "எங்க வூட்ல ஓட்டறாங்க, உங்களால முடியாதா?" என்று ஒரே கேள்வி, வாங்க வந்தவருக்கு மீசை துடிக்க ஆரம்பித்துவிடும். ஒருமுறை விழுப்புரத்தில், அதே சந்தைத் திடலில், ஒருவர் பொம்பளை ஓட்டின வண்டி வேண்டாம் என்றார். "அப்ப நீங்க மாட்டையே பூட்டுங்க, அதும் பசு மாடா இல்லாம பாத்துக்குங்க" என்று அனுப்பிவைத்தீர்கள். கூட்டம் அன்றைக்கும் சிரித்தது. இந்தத் தடவை நம்மைப் பார்த்து இல்லை. புது வண்டிகள் தாராளமாக வர ஆரம்பிக்கிறவரை அப்படி நாம் எழுப்பிவிட்ட வண்டிகள் திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தன. 'டாக்கீஸ் வண்டி' என்று கேட்டு வாங்கினார்கள். அதே பெயர்தான், அர்த்தம் மட்டும் மாறிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை நிமிர்ந்துகொள்கிறது.

போன வாரம் அந்த பஜ்ஜிக் கடையைத் தாண்டி பஸ் ஏறினோம் அல்லவா, சீட்டு கிடைக்கவில்லை, கம்பியைப் பிடித்து நின்றேன். கண்டக்டர் என் கையைப் பார்த்துவிட்டு, "ஆயா, நல்லா சுத்திப் பிடி, இப்படிப் பிடிச்சா வுழுந்துடுவே" என்றார். விஜயாவும் எப்போதும் இதைச் சொல்லிக் குறைப்படுவாள். குடம், உலக்கை, கிணற்றுக் கயிறு, பஸ் கம்பி, எதைப் பிடித்தாலும் என் கட்டைவிரல் மற்ற நாலு விரலோடுதான் நிற்கிறது. மாற்ற வரவில்லை. மாற்ற வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

உங்கள் மணிக்கட்டு கடைசிவரை கொஞ்சம் கோணலாகவே இருந்தது. போன வருஷம் அந்த மத்தியானம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். நீங்கள் கண்ணைத் திறந்து, முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தீர்கள்.

"கட்டவெரலு" என்றீர்கள், குரலே வராமல்.

குனிந்து பார்த்தேன். உங்கள் மணிக்கட்டை முழுசாகச் சுற்றிப் பிடித்திருந்தேன், கட்டைவிரலோடு.

"இது திருப்பி அடிக்காதுங்க" என்றேன்.

சிரித்தீர்கள். உங்கள் பேச்சை நான் மீறியது அந்த ஒரு தடவைதான். நீங்கள் போகிறவரைக்கும் அப்படியேதான் பிடித்திருந்தேன்.